மதுரையிலிருந்து சென்னைக்கு, இரண்டு பேர் மட்டும்: மூன்று நாள், இரண்டு நல்ல டின்னர், நான்கு சொந்தக்காரர் வீடு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். வருடத்தில் இரண்டு முறையாவது பிள்ளையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் அவரும் மட்டும் சென்னைக்குப் போய்விட்டு வருவோம். ஹோட்டலில் தங்குவோம், ஒன்றிரண்டு இரவு நல்ல இடத்தில் சாப்பிடுவோம், மேற்கு மாம்பலத்தில் அவருடைய பெரியப்பா, தாம்பரத்தில் நாத்தனார், அண்ணா நகரில் என் சித்தி என்று எல்லாரையும் பார்த்துவிட்டும் வருவோம். இதைக் கேள்விப்பட்ட தோழிகளும் அவருடைய ஆபீஸ்காரர்களும் கேட்ட கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சென்னையில் இவ்வளவு சொந்தம் இருக்கும்போது ஹோட்டலில் தங்கினால் தப்பாக நினைக்க மாட்டார்களா?

நினைப்பார்கள். முதல் தடவை கண்டிப்பாக நினைப்பார்கள். "எங்க வீட்ல இடம் இல்லையா?" என்று பெரியம்மா கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் அவர்களுக்கு வருத்தம் வந்தது நாங்கள் ஹோட்டலில் தங்கியதால் இல்லை, அதை மறைத்ததால். ஆபீஸ் வேலையாக வந்தோம், ரூம் அவர்களே போட்டுக் கொடுத்தார்கள் என்று ஒரு பொய் சொன்னோம். அது இரண்டே நாளில் தெரிந்துபோனது. தாம்பரத்தில் ஒன்று சொல்லி மாம்பலத்தில் வேறு ஒன்று சொன்னால் அவர்கள் இருவரும் போனில் பேசிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

இப்போது டிக்கெட் எடுத்த அன்றே நேராகச் சொல்லிவிடுகிறோம். "பெரியம்மா, நாங்க ரெண்டு பேரும் மூணு நாள் வர்றோம். ரூம் போட்டிருக்கோம், கொஞ்சம் எங்களுக்குன்னு இருக்கணும்னு ஆசை. சனிக்கிழமை காலைல உங்க வீட்டுக்கு டிபனுக்கு வர்றோம்." இந்தச் சொல்லில் முக்கியமானது கடைசி வாக்கியம். எந்த நாள், எந்த வேளை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், நம்மைத் தவிர்க்கிறார்கள் என்ற எண்ணம் அவர்களுக்கு வராது. "டைம் இருந்தா வர்றோம்" என்று மட்டும் எப்போதும் சொல்லாதீர்கள். மிச்சம் இருக்கிற நேரத்தில் பார்க்க வேண்டியவர்களா அவர்கள்?

இன்னொன்று, அவரவர் பக்கத்துச் சொந்தத்திடம் அவரவரே பேச வேண்டும். அவருடைய பெரியம்மாவிடம் ஹோட்டல் விஷயத்தை நான் சொன்னால், மருமகள் பிரித்துக் கூட்டிப் போகிறாள் என்று ஆகிவிடும். அதையே அவர் சொன்னால் பிள்ளையின் ஆசை என்று எடுத்துக்கொள்வார்கள். இது நியாயமா என்று கேட்டால் இல்லைதான், ஆனால் வீடுகள் அப்படித்தான் இருக்கின்றன, மூன்று நாள் பயணத்தில் அதை மாற்ற முடியாது.

எத்தனை நாள் வேண்டும்? எந்த மாதம் நல்லது?

மூன்று இரவு. இரண்டு இரவு என்றால் ஒன்று உறவு அடிபடும், இல்லை நீங்கள் இருவரும் ஒரு காபி கூட நிதானமாகக் குடிக்காமல் திரும்புவீர்கள்.

ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரை எங்களுக்குப் பிடித்த காலம். மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் மத்தியான வேளையில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவதற்குள் சோர்ந்துவிடும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் பாதி வரை வடகிழக்குப் பருவமழை, ஒரே நாள் மழையில் போட்ட திட்டம் எல்லாம் போய்விடும். மார்கழி தனி. டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முதல் தேதி வரை மியூசிக் அகாடமி தொடங்கி ஊரெங்கும் சபாக்களில் கச்சேரி நடக்கும், சபா கேன்டீன்களில் சாப்பிடுவதற்கென்றே போகிறவர்களும் உண்டு, இலை போட்டுப் பரிமாறும் அந்தச் சாப்பாடும் விருந்துதான். ஆனால் அப்போது அறை வாடகை ஏறியிருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர்களால் பெரியப்பா வீடும் நிறைந்திருக்கும், நமக்கு யாரும் நிதானமாக முகம் கொடுத்துப் பேச முடியாது.

எந்த ரயில்?

கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15 முதல் ஓடுகிறது, காலையில் மதுரையில் ஏறினால் மத்தியானம் எழும்பூர். தேஜஸ் 2019 மார்ச்சில் வந்தது, மதுரையில் மத்தியானம் 3 மணிக்குக் கிளம்பி இரவு ஒன்பது மணிக்கு மேல் சேரும், வாரத்தில் ஆறு நாள்தான். இரவு ரயில் பாண்டியன்.

நாங்கள் போகும்போது வைகை. பாண்டியனில் போனால் விடிகாலையில் இறங்கிவிடுவோம், ஹோட்டல்களில் அறை பெரும்பாலும் மத்தியானம் 2 மணிக்கு மேல்தான் கிடைக்கும், இடைப்பட்ட நேரத்தில் குளிக்க இடம் தேடி யாராவது வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். காலை ஐந்தரை மணிக்கு எழுப்பப்பட்ட சித்தப்பாவோடு அந்தப் பயணம் தொடங்க வேண்டுமா? வைகையில் போனால் இறங்கி நேராக அறைக்குப் போய்விடலாம், அன்று சாயங்காலம் முழுக்க நம் கையில்.

முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, பழைய 120 நாள் நினைப்பில் இருக்காதீர்கள். எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்திய காலமும் உண்டு, டிக்கெட்டில் கடைசி நிலையம் எது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு 2023 டிசம்பர் கடைசியிலிருந்து கிளாம்பாக்கம் பஸ் நிலையம்தான். அங்கிருந்து ஊருக்குள் வருவதே ஒரு பயணம், ஆனால் தாம்பரம், வண்டலூர் பக்கம் சொந்தம் இருந்தால் அவர்களை முதலில் பார்த்துவிட்டே உள்ளே வரலாம்.

எந்தப் பகுதியில் தங்குவது?

சொந்தக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள், டின்னர் எங்கே என்று வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்துவிட்டு நடுவில் தங்குங்கள். எங்களுக்கு அது கிண்டி. பீச்–தாம்பரம் மின்சார ரயிலில் மாம்பலமும் தாம்பரமும் ஒரே தடம், கிண்டி இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. அண்ணா நகருக்கு மெட்ரோவில் போக வேண்டுமென்றால் ஆலந்தூரில் மாறி பச்சைத் தடத்தில் ஏறினால் போதும். மெட்ரோ காலை 5 மணியிலிருந்து இரவு 11 வரை ஓடும், டின்னர் முடித்து வரும்போது அது இருக்காது என்றே வைத்துக்கொண்டு காருக்குப் பணம் ஒதுக்குங்கள்.

மயிலாப்பூர், அடையாறு, பனகல் பூங்கா பக்கமெல்லாம் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக வருடக்கணக்கில் சாலையைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டு மணிக்கு ஒரு வீடு, நான்கு மணிக்கு இன்னொரு வீடு என்று நெருக்கிப் போட்டால் ஓட்டமாகவே போய்விடும். ஒரு நாளைக்கு இரண்டு வீடு, அதற்கு மேல் வேண்டாம்.

ஃபைன் டைனிங் என்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது? அந்தக் காசுக்கு ஒரு மாத மளிகையே வாங்கலாமே?

வாங்கலாம், கணக்கு சரிதான். நாங்களும் இதற்கென்று மாதாமாதம் ஒரு தொகை தனியாகப் போட்டு வைத்துத்தான் போகிறோம். எனக்கு அது எதற்காகப் பிடிக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கிண்டி ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில் 'அவர்தனா' என்று ஓர் உணவகம், 2017-ல் தொடங்கியது. ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலிலும் வந்திருக்கிறது. அங்கே மெனு கார்டைப் பார்த்து இரண்டு பரோட்டா, ஒரு கிரேவி என்று சொல்வதில்லை. ஏழு, ஒன்பது, பதினொன்று, பதிமூன்று என்று எத்தனை சுற்று வேண்டும் என்று மட்டும் நாம் முடிவு செய்வோம், அப்புறம் ஒவ்வொன்றாக வரும், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாய்தான். எல்லாமே தென்னிந்தியச் சமையல் தெரிந்தவர்கள் செய்த புது வடிவம். தக்காளி ரசத்தைக் காபி வடிகட்டும் கண்ணாடிக் குடுவையில் மூலிகையோடு ஊற வைத்து, நம் கண் முன்னால் அழுத்தி, நீண்ட காம்புள்ள கண்ணாடிக் கோப்பையில் ஊற்றித் தருவார்கள். பார்ப்பதற்குத் தேநீர் மாதிரித் தெளிவாக இருக்கும். குடித்தால் என் ஆச்சி வைத்த ரசம். அதைக் குடித்துவிட்டு அவர் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார், அவருடைய அம்மா போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அதோடு இரண்டரை மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம், எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறோம். எழுந்துபோய்ப் பரிமாற வேண்டாம், பிள்ளைக்கு ஊட்ட வேண்டாம், குக்கர் விசில் எண்ண வேண்டாம். வீட்டில் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதே மாதத்தில் நாலைந்து தடவைதான், பரிமாறிய பிறகு தனியாகச் சாப்பிட்டே பழகிய என்னைப் போன்ற பெண்களுக்கு அந்த மூன்று மணி நேரத்தின் அருமை தெரியும்.

வேறு இடங்களும் உண்டு. நுங்கம்பாக்கம் தாஜ் கோரமண்டலில் 'சதர்ன் ஸ்பைஸ்' நமக்குத் தெரிந்த தென்னிந்தியச் சாப்பாட்டையே பெரிய அளவில், அழகாகப் பரிமாறும் இடம். பின்னி சாலை தாஜ் கன்னிமராவின் 'ரெயின்ட்ரீ'யில் செட்டிநாடு, காரைக்குடிப் பக்கத்துக்காரர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எம்.ஆர்.சி. நகர் லீலா பேலஸில் கடல் தெரியும், சீனச் சாப்பாட்டுக்கு அங்கே 'சைனா எக்ஸ்ஓ'. பழைய ஆட்கள் 'தக்‌ஷின்' போங்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். 1989-ல் அப்போதைய பார்க் ஷெரட்டனில் தொடங்கிய இடம் அது, ஆனால் ஆழ்வார்பேட்டையில் இருந்த அந்த ஹோட்டலையே 2023 டிசம்பரில் மூடிவிட்டார்கள். கல்யாண நாளுக்குப் பெரியம்மாவை அங்கே கூட்டிப்போய் ஆப்பம் சாப்பிட்டதைப் பெரியப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முதல் தடவை போகிறவர்கள் ஏழு சுற்றோடு நிறுத்துங்கள். பதிமூன்று வேண்டாம்.

நாங்கள் சைவம். புரட்டாசி, சனிக்கிழமை விரதம் எல்லாம் பார்ப்போம். சரிப்படுமா?

தாராளமாக. மேலே சொன்ன சுற்று வகைச் சாப்பாட்டில் சைவத்துக்குத் தனி மெனுவே இருக்கிறது, ஒருவர் சைவம் ஒருவர் அசைவம் என்று ஒரே மேசையில் சாப்பிடலாம். கிராண்ட் சோழாவிலேயே 'ராயல் வேகா' என்று முழுக்கச் சைவ உணவகம் இருக்கிறது, ஒரே சமையலறையில் அசைவமும் செய்வார்களே என்று மனசு ஒப்பாதவர்கள் அங்கே போகலாம்.

மேசை பதிவு செய்யும்போதே போனில் சொல்லிவிடுங்கள்: முட்டை ஆகாது, காளான் ஆகாது, வெங்காயம் பூண்டு வேண்டாம், நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது என்று என்ன இருந்தாலும். உட்கார்ந்த பிறகு சொன்னால் பல சுற்றுகளை மாற்ற அவர்களுக்கு நேரம் இருக்காது. அமாவாசை, பிரதோஷம், கிருத்திகை எல்லாம் காலண்டரில் பார்த்துவிட்டு டின்னர் தேதியைக் குறியுங்கள். நாங்கள் ஒரு தடவை பார்க்காமல் பதிவு செய்துவிட்டு, அன்று கிருத்திகை என்பது ரயிலில்தான் தெரிந்து, தேதியை மாற்ற வேண்டியதாகிவிட்டது.

என்ன உடுத்துவது? முள்கரண்டி, கத்தி பழக்கமில்லையே?

சேலை எங்கேயும் போதும். பருத்திச் சேலையே நன்றாக இருக்கும். ஆண்களுக்கு முழுக்கை சட்டை, பேன்ட், ஷூ. அரை டிரவுசரும் ரப்பர் செருப்பும் சில இடங்களில் விட மாட்டார்கள். வேட்டி கட்டிப் போகலாமா என்று என் தம்பி கேட்டான், தமிழ்நாட்டில் வேட்டியைக் காரணம் காட்டி கிளப்புகளில் உள்ளே விடாமல் இருக்கக் கூடாது என்று 2014-லேயே சட்டம் வந்துவிட்டது, ஹோட்டலில் எங்களுக்கு ஒருமுறை கூடப் பிரச்சினை வந்ததில்லை.

கரண்டி விஷயத்தில் பயமே வேண்டாம். எதை எதோடு சாப்பிடுவது என்று பரிமாறுகிறவரே சொல்லித் தருவார், தெரியாவிட்டால் கேளுங்கள், கேட்பது அவர்களுக்குச் சந்தோஷம். கையால் சாப்பிட வேண்டும் என்று தோன்றினால் சாப்பிடுங்கள். கிராண்ட் சோழாவில் 'பெஷாவ்ரி' என்று வடமேற்கு எல்லைப்புறச் சமையல் உணவகம் ஒன்று உண்டு, அங்கே கரண்டியே வைக்க மாட்டார்கள், கழுத்தில் ஒரு பெரிய துணியைக் கட்டிவிட்டு எல்லாரையும் கையாலேயே சாப்பிட வைப்பார்கள். முதல் தடவை கூச்சமாக இருக்கிறவர்களுக்கு அந்த இடம் நல்ல தொடக்கம்.

பில்லில் கடைசியில் எவ்வளவு கூடும்?

ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாடகை வாங்குகிற ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் சாப்பாட்டுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனியாக இருக்கும் உணவகத்தில் 5 சதவீதம். ஆகவே அந்த மாதிரி ஹோட்டலில் மெனுவில் 10,000 என்று இருந்தால் கையில் 11,800 வைத்துக்கொள்ள வேண்டும். அறைக்கும் அப்படித்தான், 7,500 வரை 5 சதவீதம் (2025 செப்டம்பர் 22-க்கு முன் 12 இருந்தது), அதற்கு மேல் 18.

சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகப் போட்டிருந்தால் அது அரசாங்க வரி இல்லை. அதைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுத்துவிடுங்கள் என்று மரியாதையாகச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். நாங்கள் அதை எடுக்கச் சொல்லிவிட்டு, நன்றாகக் கவனித்த பையன் கையிலேயே கொடுத்துவிடுவோம்.

மத்தியானம் சொந்தக்காரர் வீட்டில் விருந்து, ராத்திரி டின்னர். சமாளிக்க முடியுமா?

முடியாது. இதை அனுபவித்துச் சொல்கிறேன். மூன்றாவது பயணத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தி வீட்டில் வடை பாயசத்தோடு சாப்பாடு. வேண்டாம் என்று சொன்னதைச் சித்தி கேட்கவில்லை, எனக்காகக் காலை நான்கு மணியிலிருந்து சமைத்திருக்கிறாள், எப்படி மறுப்பது? ராத்திரி எட்டு மணிக்குப் பதினொரு சுற்று டின்னர், ஐந்தாவதிலேயே என்னால் முடியவில்லை. முன்னால் வந்து நின்ற ஒவ்வொரு தட்டையும் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு பணம், அவ்வளவு நாள் ஆசை.

அதற்கப்புறம் ஒரே விதி: டின்னர் இருக்கிற நாளில் சொந்தக்காரர் வீட்டுக்குக் காலை டிபனுக்கு மட்டும். இட்லியும் பொங்கலும் எவ்வளவு வைத்தாலும் ராத்திரிக்குள் செரித்துவிடும். மத்தியானம் மோர்சாதம், இல்லை ஒரு இளநீரும் பழமும். மத்தியான விருந்து எந்த வீட்டிலோ அன்று ராத்திரி டின்னர் கிடையாது, கடற்கரையில் நடந்துவிட்டு வந்து படுத்துவிடுவோம்.

மூத்தவர்களிடம் போனிலேயே "காலைல உங்க கையால டிபன் சாப்பிடணும்" என்று வேளையைச் சொல்லிக் கேட்டால் அவர்களே சந்தோஷமாக மாவு அரைத்து வைப்பார்கள். சாப்பிட மாட்டோம், பார்த்துவிட்டு மட்டும் போகிறோம் என்று சொல்லவே சொல்லாதீர்கள். ஒரு வாய் கூடச் சாப்பிடாமல் எழுந்து வந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

யார் வீட்டுக்கு முதலில் போவது? அவர் பக்கமா, என் பக்கமா?

வயதில் மூத்தவர் வீட்டுக்கு முதலில். அவர் பக்கமோ என் பக்கமோ, எண்பது வயதுப் பெரியப்பாவைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள். இந்த ஒரு ஒழுங்கை வைத்துக்கொண்ட பிறகு எங்களுக்குள் இந்தச் சண்டையே வரவில்லை, சொந்தக்காரர்களாலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் எண்ணிக்கை பாருங்கள். அவர் பக்கம் மூன்று வீடு, என் பக்கம் ஒரு வீடு என்றால் அந்த ஒரு வீட்டுக்கு அரை நாள் ஒதுக்குங்கள், போகிற வழியில் கால் மணி நேரம் எட்டிப்பார்ப்பதாக ஆகிவிடக் கூடாது.

வீட்டில் பார்ப்பவர்கள் இருந்தால் ராகு காலம் தவிர்த்து நேரம் சொல்லுங்கள், சனிக்கிழமை 9 முதல் 10.30, ஞாயிறு சாயங்காலம் 4.30 முதல் 6. பெரியம்மா சனிக்கிழமைகளில் எட்டரைக்கே வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார், ஒன்பதுக்குள் நாங்கள் உள்ளே வந்துவிட வேண்டும் என்று.

என்ன வாங்கிக்கொண்டு போவது?

மதுரைக்காரர்களுக்கு இதில் கஷ்டமே இல்லை. மல்லி. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூ, சென்னையில் எந்த வீட்டிலும் அதற்கு ஈடான பரிசு கிடையாது. மொட்டாக வாங்குங்கள், கட்டின சரமாக இருந்தாலும் விரியாத சரமாக. வாழை இலையில் பொதிந்து, மேலே ஈரத்துணி சுற்றி, கைப்பையில் அமுங்காமல் வைத்தால் சாயங்காலம் அவர்கள் வீட்டில் அது மலரும். வைகையில் போகிறவர்கள் முந்தின ராத்திரியே மொட்டை வாங்கி வைத்துவிட வேண்டும், தேஜஸ் என்றால் மத்தியானம் வாங்கலாம். இரண்டாம் நாள் போகும் வீட்டுக்கு இது தாங்காது, அங்கே ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவோ மதுரை நெய் அல்வாவோ. சர்க்கரை வியாதி உள்ள வீட்டுக்கு இனிப்பை எடுத்துப் போகாதீர்கள், பழமும் சுங்குடிச் சேலையும் போதும். தனியாக இருக்கும் பெரியவர்களுக்குப் பெரிய பெட்டி வேண்டாம், கால் கிலோ போதும், மிச்சத்தை என்ன செய்வது என்று அவர்கள் திண்டாடுவார்கள்.

அப்புறம், பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்தால் கையில் பணமோ ரவிக்கைத் துணியோ வைப்பார்கள், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் கையில் நீங்களும் வைக்க வேண்டும், புது நோட்டாக மாற்றி எடுத்துப் போங்கள்.

அந்த நேரத்தில் துக்கம் விசாரிக்க வேண்டிய வீடும் ஒன்று இருக்கிறது. டின்னர் நாளில் போகலாமா?

வேண்டாம். இது பலர் கேட்கும் கேள்வி, ஏனென்றால் மதுரையிலிருந்து அதற்கென்று தனியாக ஒரு தடவை போக எல்லாராலும் முடிவதில்லை. நாங்கள் செய்வது, துக்க வீட்டைக் கடைசி நாளுக்கு வைத்துவிடுவோம். மற்ற வீடுகளுக்கெல்லாம் போய் முடித்த பிறகு, குளிக்காமல் இன்னொரு வீட்டுக்குள் நுழைய வேண்டியிருக்காதபடி, அங்கிருந்து நேராக ஹோட்டலுக்கு வந்து குளித்துவிட்டு ரயிலுக்கு. அங்கே பூ, இனிப்பு எதுவும் கொண்டு போகக் கூடாது, கிளம்பும்போது "போயிட்டு வர்றோம்" என்று சொல்லாமல் எழுந்து வர வேண்டும் என்பதெல்லாம் உங்கள் வீட்டிலும் இருக்கும். முந்தின நாள் டின்னர் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அவர்கள் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வீடு "எப்ப விசேஷம்?" "அடுத்த பிள்ளை எப்ப?" என்று கேட்கிறார்களே?

எங்களுக்கு முதல் நான்கு வருடம் பிள்ளை இல்லை, அதனால் இது எனக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். இந்தக் கேள்விக்கு அந்தப் பக்கத்துச் சொந்தக்காரராக இருப்பவர் பதில் சொல்ல வேண்டும், அதுவும் உடனே சொல்ல வேண்டும். மாம்பலத்தில் அவர் "அதைப் பத்தி நாங்க பேசிக்கிறோம் பெரியம்மா, நீங்க முட்டி வலிக்கு டாக்டரைப் பாத்தீங்களா?" என்று குரலை உயர்த்தாமல் சொன்னார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. அன்று ராத்திரி டின்னரில் அவரோடு உட்கார்ந்திருந்தபோது எனக்கு இருந்த நிம்மதியை எழுதிச் சொல்ல முடியாது.

எந்த வீட்டில் மனசு அதிகமாக நோகும் என்று தெரியுமோ, அந்த வீட்டை டின்னர் நாளின் சாயங்காலத்தில் வைக்காதீர்கள்.

பெரியவர்களையும் அந்த நல்ல ஹோட்டலுக்கு அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போங்கள், ஆனால் மத்தியான நேரத்தில், தட்டு நிறைய ஒரே தடவையில் வரும் சாப்பாட்டுக்கு. மூன்று மணி நேரம் சின்னச் சின்னத் தட்டாக வந்தால் அவர்களுக்கு முதுகு வலிக்கும், மருந்து நேரம் தப்பும். முன்னமே பணம் கட்டிவிடுங்கள், இல்லை பில்லை மேசைக்குக் கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விலையைப் பார்த்துவிட்டால் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. பெரியம்மாவை ஒருமுறை அப்படிக் கூட்டிப் போனபோது, சமையல்காரரை வரச் சொல்லி வத்தக்குழம்பில் என்ன சேர்த்தார் என்று கேட்டார். அந்தப் பிள்ளையும் கையைக் கட்டிக்கொண்டு நின்று பதில் சொன்னது. இன்று வரை பெரியம்மா அந்தக் குழம்பைத்தான் வைக்கிறார்.

வீடும் டின்னரும் போக மிச்ச நேரத்தில் இரண்டு பேரும் எங்கே போகலாம்?

எழும்பூர் அரசு அருங்காட்சியகம், 1851-ல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே வெண்கலக் காட்சிக்கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். ஒரே உடம்பில் இரண்டு பேர், ஒரு பக்கம் இடுப்பு வளைந்து, ஒரு பக்கம் நேராக. நான் ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்க்கிறேன். கபாலீஸ்வரர் கோயிலுக்குக் காலையில் போய்விட்டு மாட வீதியில் காபி. விருந்துச் சாப்பாடு சாப்பிட்ட நாள் சாயங்காலம் எலியட்ஸ் கடற்கரை. ரங்கநாதன் தெருவை விட்டுவிடுங்கள், பர்ச்சேஸ் என்று நுழைந்தால் ஒரு நாள் போச்சு.

பிள்ளையை விட்டுவிட்டு வர மனசு வரவில்லையே?

முதல் தடவை எனக்கும் வரவில்லை. ஒரே ஓர் இரவோடு தொடங்குங்கள், பிள்ளைக்குப் பழகின வீட்டில் விடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் வீடியோ காலில் பேசுங்கள், டின்னருக்குக் கிளம்பும் முன்னால் பேசி முடித்துவிட்டால் மேசையில் போனை எடுக்க வேண்டியதில்லை. எங்கள் பையனுக்கு இப்போது ஏழு வயது. நாங்கள் வரும்போது எழும்பூரில் வாங்கி வரும் ரயில் பொம்மை அவனிடம் வரிசையாக இருக்கிறது.

திரும்பும் நாள் எப்படி?

வைகை எழும்பூரில் மத்தியானம் கிளம்பும். அறையைக் காலையிலேயே காலி செய்துவிட்டு, துக்க வீடு எதுவும் இல்லாத தடவைகளில், போகிற வழியில் மாம்பலத்தில் இறங்கி மறுபடி ஒரு கால் மணி நேரம் பெரியப்பாவைப் பார்ப்போம். பெரியம்மா தயிர்சாதமும் மாவடுவும் கட்டித் தருவார். விழுப்புரம் தாண்டியதும் அதைப் பிரித்துச் சாப்பிடுவோம், இரண்டு பேரும் ஒரே பொட்டலத்திலிருந்து.